டோக்கன் யார் கையில்?

மணி அலறியது.

சாப்பாட்டு மணி இல்லை. லாரி வந்து நின்றால் அடிக்கிற மணியும் இல்லை. குளிர்க்கிடங்கில் வேலைக்குச் சேர்கிற முதல் நாளன்று ஒரே ஒரு முறை அடித்துக் காட்டி, "இதை இன்னொரு தடவை கேக்கிற மாதிரி வெச்சுக்காதீங்க" என்று சொல்லி அனுப்புவார்களே, அந்த மணி. உறைகுளிர் அறைக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் உள்ளே இருந்து அழுத்துகிற பொத்தானின் மணி.

மேனேஜர் டிபன் பாக்ஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"மூணாம் நம்பர் ரூம் மேடம்! மூணாம் நம்பர்!"

நடையில் ஆட்கள் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். கதவின் முன்னால் சாவியும் கையுமாக சூப்பர்வைசர் மாப்பிள்ளை. சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டியதே தவிர உள்ளே போகவில்லை. 

"குடுங்க இப்படி!"

அவள் பிடுங்கித் திறந்தாள். வெள்ளைப் புகை காலைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. கதவடியில் ஒருவர் சுருண்டு கிடந்தார்.

பாட்டுக்காரர்.

கிடங்கிலேயே மூத்த சுமைக்காரர். குளிர் தெரியாமல் இருக்க உள்ளே போனதும் உரக்கப் பாட ஆரம்பிப்பார். கதவு சாத்தியிருந்தாலும் நடை முழுக்கக் கேட்கும். அவர் பாட்டைக் கேட்டே எந்த அறையில் வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம். இன்று தொண்டை கட்டியிருந்தது. "கச்சேரிக்கு லீவு விட்டாச்சா அண்ணே?" என்று காலையில் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்திருந்தார்கள்.

உள்ளே இருந்து கதவைத் திறக்கும் கைப்பிடி பனி இறுகி அசையவில்லை. பொத்தானையும் பனி மூடியிருந்தது. வலது கை உறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் பனியைச் சுரண்டிச் சுரண்டித்தான் அவர் அந்த மணியை அடித்திருக்கிறார். விரல்களின் நிறத்தைப் பார்த்த ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"தேய்க்காதீங்க! யாரும் தேய்க்காதீங்க! கம்பளி கொண்டாங்க. வண்டியைக் கூப்பிடுங்க!"

குரல் அவளுடையதுதான். ஆனால் யாரோ சொல்வது போல இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எல்லோர் பார்வையும் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் போய் நின்றது. அங்கேதான் டோக்கன் போர்டு இருக்கிறது. வரிசையாகக் கொக்கிகள் அடித்த ஒரு மரப்பலகை. அறைக்குள் போகிறவர் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அதில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். போர்டில் ஒரு டோக்கன் தொங்கினாலும் கதவைப் பூட்டக் கூடாது. கடவுளே வந்து பூட்டச் சொன்னாலும் பூட்டக் கூடாது.

பாட்டுக்காரரின் நம்பர் பதினாலு.

போர்டு துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தது.

சலசலப்பு கிளம்பியது. ஜாக்கெட் பைக்குள் இருந்த அவள் கை, உறையோடு சேர்த்து, அங்கே கிடந்த இன்னொரு டோக்கனை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இன்று சாயங்காலம் என்ன ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பதை அது அவளுக்கு ஞாபகப்படுத்தியது.

அந்த டோக்கனுக்கு ஒரு கதை உண்டு. போன மாதம் ஒரு மழை நாளில் தொடங்கியது. கணவன் போவான் என்று அவளும், அவள் போவாள் என்று அவனும் இருந்துவிட, ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் குட்டி பள்ளி வாசலில் இருட்டும்வரை நனைந்துகொண்டு நின்றாளே, அந்த நாள். அவள் குளிர்க்கிடங்கு மேனேஜர். அவள் கணவன் வீட்டு உபயோகச் சாமான் ஷோரூமின் மேனேஜர். இரண்டு பேருக்கும் தலைக்கு மேல் வேலை. அன்று ராத்திரி வீட்டில் பாத்திரம் பறக்காத குறைதான்.

மறுநாள் அவள் கிடங்கு ஸ்டோரிலிருந்து நம்பர் அடிக்காத பழைய டோக்கன் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒரு ஆணி அடித்து மாட்டினாள்.

"இதை எடுத்துட்டுப் போறவங்கதான் அன்னிக்குக் குட்டியைக் கூட்டிட்டு வரணும். இன்னொருத்தர் அதைப் பத்தி நினைக்கவே வேணாம். எங்க கிடங்குல இத்தனை வருஷமா ஒரு தப்பு நடந்ததில்ல, தெரியுமா?"

குட்டி தன் பங்குக்கு அதன் மேல் ஒரு மஞ்சள் வாத்து ஸ்டிக்கரை ஒட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது. "டோக்கன் யார் கையில்?" இவ்வளவுதான் கேள்வி.

*

"போர்டு காலியாத்தான் இருந்துச்சு மேடம். என் குழந்தை மேல சத்தியம்."

மாப்பிள்ளை அவள் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவன் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அடுத்த வருஷம் உதவி மேனேஜர் ஆக வேண்டியவன். கல்யாணமான மூன்றாம் நாளே வேலைக்கு வந்து நின்றதால் கிடங்கு முழுக்க அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். இப்போது அவன் வீட்டில் கைக்குழந்தை. கண்ணுக்குக் கீழே மை பூசியது போல இருந்தது.

"சரி, காலி. குரல் கொடுத்தீங்களா?"

போர்டைப் பார்த்த பிறகு கதவுக்குள் தலையை நீட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அதுவும் சட்டம்தான். ஆனால் போர்டு இருக்கும்போது யாரும் அதைச் செய்வதில்லை. அவளுக்கே தெரியும்.

"வீட்லேர்ந்து போன் வந்துச்சு மேடம். குழந்தைக்கு மறுபடி காய்ச்சல். நேத்து ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. போனை ஒரு காதுல வெச்சுக்கிட்டே பூட்டிட்டேன்."

போன திங்கட்கிழமை அவன் இரண்டு நாள் லீவு கேட்டு இதே இடத்தில் வந்து நின்றான். சரக்குக் கணக்கெடுப்பு வருகிறது, முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். "நானும் ஒரு குழந்தையை வெச்சுக்கிட்டுதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன் மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் ஒரு சிஸ்டம் இருந்தாப் போதும்" என்று பிரசங்கம் வேறு.

அதை இப்போது அவன் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை.

"கேமராவுல பார்க்கலாமே மேடம்?"

"எதைப் பார்க்கிறது? நடையில இருக்கிற கேமரா கண்ணாடியில பனி பிடிச்சு ஒரு மாசமாச்சு. கைப்பிடியையும் கேமராவையும் சரி பண்ணச் சொல்லி எத்தனை தடவைதான் கேக்கிறது?"

"அப்ப டோக்கன் எங்கதான் போச்சு? அண்ணன் பையிலயும் இல்ல, தரையிலயும் இல்ல. எலி தூக்கிட்டா போயிருக்கும்?" என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். "மேடம், பூட்டுறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னால நீங்க அந்த போர்டுகிட்ட நின்னு போன் பேசிட்டிருந்தீங்கல்ல? அப்ப ஏதாச்சும் தொங்கிச்சா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

நடையில் அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். கணவன் கூப்பிட்டிருந்தான். அவன் குரலில் ஏற்கெனவே சூடு. 'எனக்கு சாயங்காலம் டார்கெட் மீட்டிங், பெரியவங்க எல்லாம் வர்றாங்க, நகர முடியாது, டோக்கன் நீதானே எடுத்தே?' 'நான்தான் எடுத்தேன், என்கிட்டதான் இருக்கு, எத்தனை தடவை சொல்றது?' இவளும் பதிலுக்கு எகிறியது ஞாபகம் இருக்கிறது. பைக்குள் டோக்கன் விரலில் தட்டுப்பட்டதும், 'நல்ல வேளை, இதையாவது மறக்கவில்லை' என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. காலையில் குட்டியின் ஒற்றை ஷூவைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்ட அவசரத்தில் தன் தலையையே மறந்து வைத்துவிட்டு வந்திருப்பாள்.

போர்டு? போர்டு ஞாபகம் இல்லை.

"இல்ல மாப்பிள்ளை. நான் பார்க்கல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம். நீங்க பார்த்தேன்னு சொன்னா..."

"அங்கேயே நின்னுட்டிருந்தேன். தொங்கியிருந்தா என் கண்ணுல படாமலா போயிருக்கும்?"

சொல்லி முடித்த பிறகு அந்த வார்த்தை நல்ல கெட்டியான வார்த்தையாக, சாட்சி சொல்கிற வார்த்தையாக, மேஜை மேல் கிடந்தது. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகம். பெரிய அதிகாரி.

"ஆள் எப்படி இருக்கார்?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல சார். விரல்தான்... வலது கையில மூணு விரல் தேறுமான்னு நாளைக்குத்தான் சொல்வாங்களாம்."

"ம். டோக்கன் மாட்டினாரா, மாட்டலையா?"

"மாட்டினேன்னு சொல்றாராம் சார். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அதைத்தான் சொல்லியிருக்கார். பதினாலு மாட்டினேன், பதினாலு மாட்டினேன்னு திரும்பத் திரும்ப."

"போர்டில இருந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? மாட்டாம போயிருக்கார்."

"இத்தனை வருஷத்துல அவர் ஒரு நாள் கூட..."

"இங்க பாரும்மா. நல்ல மனுஷன் பொய் சொல்ல மாட்டாருன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாது. டோக்கன் மாட்டாம உள்ளே போனா அது அவரோட பொறுப்பு, கம்பெனி பொறுப்பு இல்ல. குரல் கொடுக்காம பூட்டினவன் நாளையிலேர்ந்து வர வேணாம். ரெண்டு வரி. சாயங்காலத்துக்குள்ள எனக்கு வந்துடணும். இல்லேன்னா மூணாவதா ஒரு பேரையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும், புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. கைப்பிடி உறைந்தது, கேமரா மங்கியது, லீவு கொடுக்காதது எல்லாம் அந்த மூன்றாவது பெயருக்கு, அவள் பெயருக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளைக்கும் கேட்டிருந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மேடம்" என்றான் மெதுவாக. "போர்டைப் பார்த்தேனா, பார்த்ததா நினைச்சுக்கிட்டேனான்னு. தூக்கக் கலக்கத்துல... ஆனா அண்ணன் மாட்டலேன்னு மட்டும் எழுதாதீங்க மேடம். அவருக்கு வைத்தியச் செலவாவது வரட்டும். நான்தான் பார்க்காம பூட்டிட்டேன்னு எழுதிடுங்க."

"பார்க்காம பூட்டினா டோக்கன் இன்னும் அங்கேயே தொங்கணுமே மாப்பிள்ளை."

 

அவன் சாவிக்கொத்தை மேஜை மேல் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனான். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடித்தாள். 'தொழிலாளி டோக்கன் மாட்டாமல் அறைக்குள் சென்றுள்ளார். பூட்டுவதற்குச் சற்று முன் அங்கிருந்த நானும் போர்டில் டோக்கன் எதையும் காணவில்லை.'

பொய் ஒன்றும் இல்லையே? ஒரு எழுத்து கூடப் பொய் இல்லை.

அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் கைபேசியைப் பார்த்தாள். கணவனிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். எதற்காக இருக்கும் என்று தெரியும், மிச்சச் சண்டைக்கு. இப்போது அதற்குத் தெம்பில்லை. மணியைப் பார்த்ததும் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தாள். பள்ளி விட்டு வெகு நேரம் ஆகியிருந்தது.

*

பள்ளி வாசலில் ஒரு ஈ காக்கா இல்லை.

வண்டியை நிறுத்தக்கூடத் தோன்றாமல் சாய்த்துவிட்டு ஓடினாள். காவலாளி இரும்புக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா... ஒன்னாம் வகுப்பு... என் பொண்ணு..."

"உங்க பொண்ணா? அதான் அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரேம்மா. பெல் அடிக்கிறதுக்கு முன்னாலயே வந்து நின்னுட்டிருந்தார்."

 கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன உயிர் திரும்பி வந்த வேகத்தில் கோபமும் வந்தது. டோக்கன் என்னிடம் இருக்கும்போது இவர் எப்படி வரலாம்? என்னை நம்பவில்லையா? இதற்குத்தானா ஆணி அடித்தேன்?

காவலாளி அவள் ஜாக்கெட்டை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா? இவ்வளவு கனமான ஜாக்கெட் போட்டிருக்கீங்களே."

அப்போதுதான் கிடங்கு ஜாக்கெட்டைக் கழற்றாமலே வந்திருப்பது தெரிந்தது.

*

கதவைத் திறந்தது கணவன். முகத்தில் இடி மின்னல் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா வந்தாச்சு!" குட்டி ஓடி வந்தாள். அம்மா கழற்றி நாற்காலி மேல் போட்ட ஜாக்கெட்டை அடுத்த நொடியே கைப்பற்றினாள். சாயங்காலம் அம்மாவின் பையில் ஒரு மிட்டாயாவது இருக்கும் என்பது குட்டியின் கணக்கு. இன்று வாங்கவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"போனை ஏன் எடுக்கல?" என்றான் கணவன்.

"கிடங்குல ஒரு ஆள் உள்ளே மாட்டிக்கிட்டார். சாகக் கிடந்தார். போதுமா? நீங்க ஏன் போனீங்க பள்ளிக்கூடத்துக்கு? நான் வரமாட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"நீ அங்க எத்தனை மணிக்குப் போனே?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மீட்டிங் பாதியில எழுந்து வந்துட்டேன்" என்றான் அவன். "பெரியவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க, நான் பாட்டுக்குப் பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். 'வீட்டையே மேனேஜ் பண்ணத் தெரியாதவருக்கு ஷோரூம் எதுக்கு?'ன்னு ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நாளைக்குப் போனா என் நாற்காலி இருக்குமா, இருக்காதான்னு தெரியல."

"யார் உங்களை எழுந்து வரச் சொன்னா? நான்தான் அப்பவே சொன்னேனே, டோக்கன் என்கிட்டதான் இருக்குன்னு! இதுக்கு மேல என்ன செய்யணும் நான்? நெத்தியில ஒட்டிக்கணுமா?"

"நானும் அதை நம்பித்தான் இருந்தேன்."

அவன் சட்டைப் பையில் கைவிட்டான். எதையோ எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

பித்தளை டோக்கன். அதன் மேல் ஓரம் கிழிந்த மஞ்சள் வாத்து.

"மதியம் சட்டை மாத்த வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழட்டிட்டு நிமிர்ந்தா இது ஆணியிலயே தொங்கிட்டிருக்கு. காலையில நீ எடுக்கவே இல்ல. இதைச் சொல்லத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். மறந்துட்டேன்னா மறந்துட்டேன்னு சொல்லு, பரவாயில்ல. நானும் மனுஷன்தான், எனக்கும் மறக்கும். ஆனா கையில வெச்சிருக்கேன்னு ஏன் பொய் சொன்னே?"

"பொய் சொல்லல. என் கையில..."

வாக்கியம் பாதியில் நின்றது.

மேஜை மேல் இருந்த வாத்து அவளைப் பார்த்தது. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். நடையில், சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே இடத்தில், காதில் கணவனின் கோபக் குரலோடு நின்றபோது, 'நான்தான் எடுத்தேன்' என்று இவள் கத்தியபோது, தினமும் காலையில் ஆணியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுப் பழகிய இந்தக் கை...

"என்ன ஆச்சு? ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" அவன் குரல் முதல் முறையாக இளகியது.

அவள் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அதற்குள் குட்டி மிட்டாய்க்காக அந்த ஆழமான பையை அடிவரை துழாவி முடித்திருந்தாள். உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படித்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, இதுல பதினாலுன்னு போட்டிருக்கே... இது யாரைக் கூட்டிட்டு வர்றதுக்கும்மா?"